சிஎஸ்எஸ் வேலிடேட் பண்ணணுமா, போன்ல பாத்துட்டு விட்டுறலாமா?

லாட்ஜு, தொதல் (அல்வா மாதிரி ஒரு இனிப்பு) கடை, கருவாட்டு மொத்த யாவாரம், தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுறவங்கனு ராமநாதபுரத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் இப்ப ஆளாளுக்கு ஒரு சைட் வச்சிருக்காங்க, அதை செஞ்சு குடுக்குற பசங்களும் ஊருக்கு ரெண்டு பேராச்சும் இருக்காங்க. அந்தப் பசங்க கேக்குற கேள்வில ஒண்ணுதான் இது: "அண்ணே, சிஎஸ்எஸ் ஃபைலை வேலிடேட்டர்ல போட்டுப் பாக்கணுமா, இல்ல அது வெட்டி வேலையா?" சிஎஸ்எஸ்னா சைட்டோட கலர், எழுத்து, அகலம்னு தோற்றத்தைச் சொல்ற ஃபைல், வேலிடேட்டர்னா அதை விதிப்படி எழுதிருக்கானு பாத்துச் சொல்ற டூல். ரெண்டு பக்கமும் ஆளு இருக்கு. ஒரு குரூப்பு ஒரு எரர் கூட இருக்கக் கூடாதும்பாங்க, இன்னொரு குரூப்பு பிரவுசர்ல ஓடுனா போதும்டா, எவன் உள்ள பாக்கப் போறாம்பாங்க.

என் பதிலை மொதல்லயே சொல்லிறேன். நீங்க கையால எழுதுன ஃபைலுக்குக் கண்டிப்பா பண்ணுங்க, கால் மணி நேரம் கூட ஆகாது. அடுத்தவன் எழுதுன தீம் (ரெடிமேட் டிசைன்), பிளகின் (சேத்துக்குற துணை வசதி), பூட்ஸ்ட்ராப் (ரெடிமேட் சிஎஸ்எஸ் தொகுப்பு) ஃபைலுக்குப் பண்ணவே பண்ணாதீங்க. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டையே வருது.

இதுக்குக் காரணம் பிரவுசர் நடந்துக்குற விதத்துல இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல தப்பு பண்ணா கன்சோல்ல (பிரவுசர் தப்பைச் சொல்ற பலகை) செவப்பா கத்தும், பிஎச்பில தப்பு பண்ணா பக்கமே வராது, ஆனா சிஎஸ்எஸ்ல தப்பு பண்ணா பிரவுசர் வாயே தெறக்காது, புரியாத வரியத் தாண்டிட்டு அடுத்த வரிக்குப் போயிரும். இது அசால்ட்டுல வந்த பழக்கம் இல்ல, 1996ல சிஎஸ்எஸ்ஸோட மொத வெர்ஷன் வந்தப்பவே வேணும்னே வச்ச விதி, நாளைக்குப் புது ப்ராப்பர்ட்டி (கலர், அகலம் மாதிரி ஒரு தன்மையோட பேரு) வந்தா பழைய பிரவுசர் அதைக் கண்டுக்காம மிச்சத்த ஒழுங்கா காட்டணும்னு. நல்ல விதிதான், அது இல்லைனா இன்னிக்கு இத்தனை புது வசதியைத் தைரியமா யூஸ் பண்ணவே முடியாது. ஆனா அதே விதிதான் உங்க டைப்பிங் மிஸ்டேக்கையும் மூடி மறைக்குது. புதுசா வந்த ப்ராப்பர்ட்டியா, நீங்க தப்பா அடிச்ச ப்ராப்பர்ட்டியானு அதுக்கு எப்படித் தெரியும், ரெண்டையும் ஒரே மாதிரிதான் தூக்கிப் போடும்.

சரி, என்னென்ன வழி இருக்குனு பாப்போம்.

மொத வழி எதுவுமே பண்ணாம கைல இருக்குற போன்லயும் லேப்டாப்லயும் தெறந்து பாத்துட்டு விடுறது. நம்ம பக்கம் பெரும்பாலும் இதுதான் நடக்குது, நான் இதைக் கேலி பண்ண மாட்டேன், ஏன்னா கஸ்டமர் பாக்கப் போறதும் போன்லதான். சிக்கல் எங்கனா நீங்க பாத்த போன்ல நல்லா இருந்துச்சுங்கிறது மத்த எடத்துல நல்லா இருக்கும்ங்கிறதுக்கு அத்தாட்சி இல்ல. ஒரு லாட்ஜ் சைட்டுனு வச்சுக்குவோம். போனுக்குனு 600 பிக்சலுக்குக் கீழ ஒரு மீடியா குவெரி (இத்தனை அகல ஸ்கிரீனுக்கு மட்டும்னு சொல்ற பகுதி) எழுதிருக்கீங்க, அதை மூடுற பிராக்கெட்டை விட்டுட்டீங்க. அதுக்குக் கீழ உள்ள அத்தனை ரூலும் (எந்த எடம் எப்படித் தெரியணும்னு சொல்ற கட்டளை), ஃபுட்டர், ரூம் ரேட் டேபிள், கான்டாக்ட் பட்டன் எல்லாம் அந்த 600 பிக்சலுக்குள்ள மாட்டிக்கிட்டு போன்ல மட்டும் வேலை செய்யும். போன்ல பாக்குற உங்களுக்கும் ஓனருக்கும் சூப்பரா தெரியும். மதுரைல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து ஆடி அமாவாசைக்கு இருவது ரூம் மொத்தமா போட வந்த டிராவல்ஸ்காரருக்கு ரேட் டேபிள் கட்டக் கோடே இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும். அவரு உங்களுக்கு போன் பண்ணிச் சொல்ல மாட்டாரு, அடுத்த லாட்ஜுக்குப் போயிருவாரு.

பிராக்கெட் விசயத்துல இப்ப இன்னொரு வில்லங்கமும் சேந்திருக்கு. 2023ல இருந்து பிரவுசர்கள்ல நெஸ்டிங் வந்துருச்சு, அதாவது ஒரு ரூலுக்குள்ள இன்னொரு ரூல் எழுதலாம். அதுக்கு முன்னாடி ஒரு ரூல்ல மூடுற பிராக்கெட்டை விட்டா அடுத்த ரூல் ஒடைஞ்சு போயிரும், ஏதோ தப்புன்னாச்சும் தெரியும். இப்ப அடுத்த ரூல் உள்ள போயி சட்டப்படி சரியான நெஸ்டட் ரூலா உக்காந்துக்கும். தப்பு தப்பாவே தெரியாது.

ரெண்டாவது வழி டெவ்டூல்ஸ், பிரவுசருக்குள்ளேயே இருக்குற சோதிக்குற கருவி. குரோம்ல வலது கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போனா, ஏத்துக்காத வரிமேல குறுக்குக் கோடு போட்டு பக்கத்துல மஞ்சள் முக்கோணம் காட்டும். ஃபயர்பாக்ஸ் இன்னும் ஒரு படி மேல, கன்சோல்ல சிஎஸ்எஸ்ங்கிற ஃபில்டரை ஆன் பண்ணா எந்த வரியைத் தூக்கிப் போட்டேன்னு லைன் நம்பரோட சொல்லும், அதோட சரியா எழுதியும் வேலை செய்யாத வரி இருந்தா, ஃப்ளெக்ஸ் (உள்ள இருக்குறதை வரிசையா அடுக்குற முறை) இல்லாத பாக்ஸுக்குள்ள ஃப்ளெக்ஸ் சம்பந்தமான ப்ராப்பர்ட்டி போட்ட மாதிரி, அதை மங்கலா காட்டி காரணமும் சொல்லும். அந்த வேலையை வேலிடேட்டர் கூட செய்யாது. நிறைய பேரு குரோமை விட்டு வெளிய வராததால ஃபயர்பாக்ஸோட அந்தக் கன்சோல் ஃபில்டர் தெரியாமலே இருக்காங்க, வேலை செய்யாத வரியை மங்கலா காட்டுறது மட்டும் இப்ப குரோம்லயும் இருக்கு. ஆனா டெவ்டூல்ஸ்ல ஒரு குறை, நீங்க எந்த எலிமென்ட்ட தொட்டுப் பாக்குறீங்களோ அதோட கதையைத்தான் ஸ்டைல் பேனல்ல சொல்லும். ஏற்கனவே ஒடைஞ்சிருக்குனு தெரிஞ்ச எடத்தைத் தோண்டுறதுக்கு அதை விட்டா வேற இல்ல, எங்க ஒடைஞ்சிருக்குனே தெரியாதப்ப அது ஒதவாது.

மூணாவது, நம்ம கேள்வில உள்ள ஆளு, டபிள்யூ3சியோட (வெப் தரத்தை வகுக்குற அமைப்பு) சிஎஸ்எஸ் வேலிடேட்டர். காசு கெடையாது, இன்ஸ்டால் பண்ண வேண்டாம், சைட் முகவரி குடுக்கலாம், ஃபைலை ஏத்தலாம், இல்லைனா கோடை (code) அப்படியே பேஸ்ட் பண்ணலாம். முகவரி குடுக்குற வழியை மறந்துருங்க, பேஸ்ட் பண்ணுங்க. ஏன்னா வேர்ட்பிரஸ் சைட்டோட முகவரியைக் குடுத்தா தீம், ஸ்லைடர், வாட்சப் பட்டன் பிளகின்னு எவனெவனோ எழுதுன ஃபைலையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்து பக்கம் பக்கமா செவப்பு கொட்டும். பூட்ஸ்ட்ராப்காரங்களே அவங்க டாக்குமென்டேஷன்ல எழுதி வச்சிருக்காங்க, பழைய பிரவுசர் பக்குகளைச் சமாளிக்க சில ஹேக்கு (குறுக்கு வழி) போட்டிருக்கோம், அதனால வேலிடேட்டர்ல வார்னிங் வரும், கண்டுக்காதீங்கன்னு. அதைப் போயி ஒருத்தன் ஒக்காந்து சரி பண்ணான்னா அடுத்த அப்டேட்ல அத்தனையும் அழிஞ்சு போயிரும். வெட்டி வேலைனு சொல்றவங்க பாத்தது இந்தச் செவப்பைத்தான், அவங்க மேலயும் தப்பு இல்ல.

உங்க ஃபைலை மட்டும் பேஸ்ட் பண்ணா கதை வேற. வர்றது கொஞ்ச வரிதான், ஆனா ஒவ்வொண்ணும் நெசமாவே உங்க தப்பு. நம்ம பசங்க ஃபைல்ல திரும்பத் திரும்பக் கண்ணுல படுறது சிலது சொல்றேன். கலர் கோடுல (#ff0000 மாதிரி) சைபருக்குப் பதிலா இங்கிலீஷ் ஓ எழுத்தை அடிச்சிருப்பாங்க, கண்ணுல பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், கலர் மட்டும் வராது. செமிகோலன் விட்டுப்போச்சுனா அந்த வரி மட்டும் இல்ல, அடுத்த வரியும் அதோட வேல்யூல ஒட்டிக்கிட்டு ரெண்டும் சேந்து காலி. நம்பருக்கும் பிக்சலுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டா காலி. ஆனா கால்க் (calc, அளவைக் கணக்குப் போட்டு எடுக்குறது) கணக்குல 100%லருந்து 20 பிக்சல் கழிக்கும்போது மைனஸுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விடலைனா அதுவும் காலி, அங்க ஸ்பேஸ் கண்டிப்பா வேணும், இங்க இருக்கவே கூடாது, புதுப் பசங்க தலையப் பிச்சுக்குற எடம் இது.

எல்லாத்தையும் விட எனக்குப் புடிச்ச தப்பு, அதாவது புடிக்காத தப்பு, ரெட்டை ஸ்லாஷ் கமென்ட் (//னு போட்டு எழுதுற குறிப்பு). ஜாவாஸ்கிரிப்ட் எழுதுற கையோட சிஎஸ்எஸ்லயும் ரெட்டை ஸ்லாஷ் போட்டு "சீசன் ரேட், தை அமாவாசை முடிஞ்சதும் எடுக்கணும்"னு அழகா தமிழ்ல குறிப்பு எழுதி வச்சிருப்பான். சாதா சிஎஸ்எஸ்ல அப்படி ஒரு கமென்டே கெடையாது, ஸ்லாஷும் ஸ்டாரும்தான் (/* */). பிரவுசர் அந்தக் குறிப்பை ஏதோ புரியாத ப்ராப்பர்ட்டினு நெனச்சு அடுத்த செமிகோலன் வர்ற வரைக்கும் தாண்டும், குறிப்புல செமிகோலன் எங்க இருக்கப் போவுது, அதனால கீழ உள்ள வரியோட செமிகோலன் வரைக்கும் முழுங்கிரும். குறிப்புக்குக் கீழ இருந்த பேக்ரவுண்ட் கலர் வரல, குறிப்பை அழிச்சா வருது, திரும்ப எழுதுனா போகுது. பேய் புடிச்ச மாதிரி இருக்கும். வேலிடேட்டர்ல போட்டா அந்த எடத்தை லைன் நம்பரோட காட்டிரும்.

வேலிடேட்டர் சொல்ற எல்லாத்தையும் வேதவாக்கா எடுத்துக்கவும் கூடாது. வெப்கிட், மோஸ்னு தொடங்குற பிரவுசர் ஸ்பெஷல் ப்ராப்பர்ட்டிக்கு வார்னிங் குடுக்கும், தெரிஞ்சே போட்டதுனா விட்டுருங்க. சிஎஸ்எஸ் வேரியபிள் (ஒரு வேல்யூவுக்குப் பேரு வச்சு பல எடத்துல கூப்புடுறது) யூஸ் பண்ணிருந்தா அதோட வேல்யூவ நான் செக் பண்ணலைனு ஒரு வார்னிங் வரும், அது நேர்மையான பதில், ஓடுற நேரத்துலதான் அந்த வேல்யூ தெரியும். புதுசா வந்த சில விசயம் அதுக்கு லேட்டாதான் வந்து சேரும், பிரவுசர்ல நல்லா ஓடுறதை எரர்னு சொல்லும். அதனால எரர் எண்ணிக்கையை ஜீரோ ஆக்குறதுன்னு கெளம்புனீங்கன்னா நல்ல கோடைக் கெடுத்துக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க. படிங்க, இது என் தப்பானு மட்டும் கேளுங்க, ஆமான்னா திருத்துங்க, இல்லைனா போயிட்டே இருங்க.

நாலாவது ஸ்டைல்லிண்ட், சிஎஸ்எஸ் தப்பைப் புடிக்கிற இன்னொரு டூல். இது நோட் ஜேஎஸ்ல (பிரவுசருக்கு வெளிய ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடும், விஎஸ் கோடுல (கோடு எழுதுற எடிட்டர்) எக்ஸ்டென்ஷனா போட்டுக்கலாம், எழுத எழுதவே தப்புக்கு அடில கோடு போடும். மேல சொன்ன மூடாத பிராக்கெட்டை இது விடவே விடாது, எங்க தொறந்தீங்களோ அந்த லைனைக் காட்டி இங்க தொறந்தது மூடலனு நின்னுரும். ஒரே செலக்டரை (ரூல் எந்த எடத்துக்குனு சொல்ற பேரு) ரெண்டு எடத்துல எழுதுனது, ஒரே ப்ராப்பர்ட்டியை ரெண்டு தடவ போட்டது, கால்க்ல ஸ்பேஸ் இல்லாதது எல்லாத்துக்கும் ரூல் இருக்கு, வேண்டாத ரூலை நிறுத்திக்கலாம். வேலிடேட்டர் இதுல பாதியைக் கேக்காது, ஒரே ப்ராப்பர்ட்டி ரெண்டு தடவ வந்தா அது சட்டப்படி சரிதானே, பழைய போனுக்கு ஒண்ணு, புது போனுக்கு ஒண்ணுனு அடுக்கிப் போடுறது வழக்கம்தான். ரெண்டு பேருக்கு மேல ஒரே ஃபைல்ல கை வைக்கிறாங்கன்னா கண்ணை மூடிக்கிட்டு ஸ்டைல்லிண்ட் போடலாம். தனியா ஒரு ஆளு வருசத்துக்கு நாலு சின்ன சைட் செய்யுறவருக்கு நோட் போட்டு, கான்ஃபிக் ஃபைல் எழுதி, வெர்ஷன் சண்டை போட்டுனு அந்தப் பாடு கட்டுப்படியாகுமாங்கிறது சந்தேகம்தான், ஏற்கனவே நோட் இருந்தா போடுங்க, அதுக்காகப் புதுசா கெளம்ப வேண்டாம்.

இப்ப இந்த டூல் எதுவுமே புடிக்காத தப்பு ஒண்ணு இருக்கு, தமிழ்ல சைட் செய்யுற நமக்குத்தான் அது ரொம்ப. வேலிடேட்டர் இலக்கண வாத்தியார் மாதிரி, வாக்கியம் சரியானு பாப்பாரு, சொன்ன சேதி உண்மையானு பாக்க மாட்டாரு. இங்கிலீஷுக்குனு செஞ்ச டெம்ப்ளேட்ட எடுத்து தமிழைக் கொட்டுனா என்ன ஆகும் தெரியுமா? தலைப்புக்கு லைன் ஹைட் (வரியோட ஒசரம்) 1னு இருக்கும், கார்டுக்கு வெளிய வழியுறது தெரியக் கூடாதுனு ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருக்கும். இங்கிலீஷ்ல பிரச்சினை இல்ல. தமிழ்ல மேல உள்ள புள்ளி வெட்டுப்படும், கீழ உள்ள உகர வளைவும் வெட்டுப்படும், பாம்பன் பாமபன ஆயிரும், மண்டபம் மணடபம ஆயிரும். நம்ம ஊரு பேருல பாதி புள்ளி வச்ச எழுத்து, தங்கச்சிமடம், தேவிபட்டினம், உச்சிப்புளினு ஒண்ணும் தப்பாது. வேலிடேட்டரைக் கேட்டா வாழ்த்துக்கள், எரர் இல்லம்பாரு. லைன் ஹைட்டை 1.5 பக்கம் ஏத்துனா முடிஞ்சு போற வேலை, ஆனா அதைக் கண்ணால பாத்தாதான் தெரியும்.

அதே மாதிரி டெம்ப்ளேட்ல பட்டனுக்கு அகலம் 120 பிக்சல்னு கட்டி வச்சிருப்பாங்க, இங்கிலீஷ்ல புக்குங்கிற ஒத்தைச் சொல்லு அதுல ஜாலியா உக்காரும், முன்பதிவு செய்யுங்கள்னு எழுதுனா பட்டனைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். எழுத்து எடைவெளியை 3 பிக்சல்னு வச்ச ஸ்டைலான தலைப்பு தமிழ்ல எழுத்து எழுத்தா செதறிக் கெடக்கும். எல்லா எழுத்தையும் கேப்பிட்டல் ஆக்குற வரியை நம்பி டிசைன் பண்ணது தமிழ்ல ஒண்ணுமே ஆகாது, நமக்கு ஏது கேப்பிட்டல். ஃபான்ட் பேரை ஒரு எழுத்து மாத்தி அடிச்சாலும் அது சட்டப்படி சரியான வேல்யூ, எந்த டூலும் கேக்காது, ஆண்ட்ராய்டு போன் தன்கிட்ட உள்ள தமிழ் ஃபான்ட்டைப் போட்டுக் காட்டிரும், விண்டோஸ் தன்னோட நிர்மலா ஃபான்ட்டைப் போட்டுக்கும், நீங்க தேடி எடுத்த ஃபான்ட் ஏறவே இல்லங்கிறது யாருக்கும் தெரியாது. கீழக்கரைல தொதல் கடை காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்புடுவாங்க) ஒருத்தர் சைட்ட பாத்துட்டு "என்னப்பா எழுத்து ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு"ன்னு கேட்டாருனா அங்க போயி மொதல்ல பாக்க வேண்டியது ஃபான்ட் பேரைத்தான்.

வெயில் இன்னொண்ணு. தனுஷ்கோடிக்கு அப்பால உள்ள அரிச்சல்முனைல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மணலும் கடலும் கண்ணைப் பறிக்கும்போது திரும்பிப் போக வேன் நம்பர் தேடுறவரு போன்ல வெள்ளை மேல வெளிறிப்போன சாம்பல் எழுத்து இருந்தா ஒண்ணும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1ங்கிற அளவாச்சும் கான்ட்ராஸ்ட் வேணும்னு டபிள்யூசிஏஜி (சைட் எல்லாரும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னு உள்ள வழிகாட்டி) சாதாரண எழுத்துக்கு வச்சிருக்கு, குரோம் கலர் பிக்கர்லயே அந்த அளவைக் காட்டும். வேலிடேட்டர் அந்த அளவைப் பாக்கவே பாக்காது. எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு, எதுக்குச் செலவு பண்ணட்டும்னு ஒருத்தன் கேட்டா கால் மணி நேரம் வேலிடேட்டருக்கு, மிச்சம் முழுக்க இந்த மாதிரி விசயத்துக்குனுதான் சொல்லுவேன்.

பழைய சைட்ட கைல எடுக்குறவங்களுக்கு மட்டும் கணக்கு மாறும். மேல டாக்டைப் வரியே (இது எந்த வகைப் பக்கம்னு பிரவுசருக்குச் சொல்ற மொத வரி) இல்லாத ரொம்பப் பழைய சைட் இன்னும் அங்கங்க கெடக்கு, சங்கம், பள்ளிக்கூடம் மாதிரி எடத்துல. டாக்டைப் இல்லைனா பிரவுசர் குவர்க்ஸ் மோடுக்குப் (பழைய கால வழக்கப்படி காட்டுற முறை) போயிரும், அங்க யூனிட் இல்லாம அகலம் 200னு எழுதுனாலும் பிக்சல்னு எடுத்துக்கும், கலர் கோடுக்கு ஹேஷ் இல்லைனாலும் ஏத்துக்கும், கிளாஸ் பேருல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காது. நீங்க நல்ல பிள்ளையா மேல டாக்டைப் வரியைச் சேத்தீங்கன்னா அத்தனை சலுகையும் ஒரே நிமிசத்துல கட், பக்கம் மொத்தமா கலைஞ்சு போயிரும். அதனால டாக்டைப் சேக்குறதுக்கு முன்னாடியே வேலிடேட்டர்ல ஒரு தடவ ஓட்டுனா யூனிட் இல்லாத நம்பர், ஹேஷ் இல்லாத கலர் எல்லாத்தையும் வரி வரியா எடுத்துக் குடுத்துரும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் எவ்வளவு எரர் வந்தாலும் முழுசா ஒக்காந்து பாக்குறது நேரத்துக்குத் தகும்.

கூகுள்ல மேல வரும்னு சொல்லி வேலிடேஷன் விக்கிறவங்களை நம்பாதீங்க, சிஎஸ்எஸ் வேலிடா இல்லையாங்கிறதை வச்சு ரேங்க் குடுக்குறது இல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கு அவசியம்னு சொல்றதும் பாதிதான் சரி, பார்சிங்னு ஒரு விதி டபிள்யூசிஏஜில இருந்துச்சு, ஆனா அது எச்டிஎம்எல் டேகைப் பத்தினது, 2023 அக்டோபர்ல வந்த 2.2 வெர்ஷன்ல அதையும் எடுத்துட்டாங்க. அரசு ஆபீஸ் வேலைனா மட்டும் பேச்சு வேற, ஒப்பந்தத்துல வேலிடேஷன் ரிப்போர்ட் குடுக்கணும்னு எழுதிருந்தா குடுத்துத்தான் ஆகணும், அங்க பிரயோஜனமானு கேக்குறதுல அர்த்தமே இல்ல.

ஆக யாருக்கு எதுன்னா, ரெடிமேட் பில்டர்ல இழுத்துப் போட்டு சைட் செஞ்ச லாட்ஜ் ஓனருக்கு இதுல ஒண்ணுமே வேண்டாம், வேற வேற போன்லயும் ஒரு கம்ப்யூட்டர்லயும் பாத்தா போதும். தீம் வாங்கி அதுமேல கொஞ்சம் தானே எழுதுற தம்பிக்கு, தான் எழுதுன அந்தக் கொஞ்சத்தை மட்டும் வேலிடேட்டர்ல ஒட்டிப் பாக்குறது, கைமாத்திக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஏதாச்சும் காரணம் தெரியாம ஒடைஞ்சா ஒரு தடவ. டீமா செய்யுறவங்களுக்கு ஸ்டைல்லிண்ட், அது இருந்தா வேலிடேட்டர் பக்கம் போக வேண்டிய தேவை பெருசா வராது. எந்த வழியா இருந்தாலும் தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ மொத நாள் ராத்திரி ஒக்காந்து சுத்தம் பண்றேன்னு லாட்ஜ் சைட்ல கை வைக்காதீங்க, யாவாரம் மந்தமா இருக்குற நாளாப் பாத்துப் பண்ணிக்கலாம்.

ஃபுட்டர்ல வேலிட் சிஎஸ்எஸ்னு ஒரு பேட்ஜ் போடுற பழக்கம் முன்னாடி இருந்துச்சு, இப்பவும் காலேஜ் ப்ராஜெக்ட்ல பாக்கலாம். யாவார சைட்ல அதைப் போடாதீங்க, அந்த எடத்துல வாட்சப் நம்பர் போட்டா ஓனருக்கு ஒரு புக்கிங்காச்சும் வரும். பில்லுலயும் வேலிடேஷன்னு தனி வரி போட்டுக் காசு கேக்காதீங்க, சைட் செஞ்சு குடுக்குற காசுக்குள்ளேயே வர்ற வேலை அது.